செப்பாணிக் கூரை

கடலோரக் கீரிக் கிராமத்தில் மாக்கிறட்டின் வீட்டுக்கு மேலே கூரைத் தகடு ஒன்றுமில்லை. அதை அறைந்த செப்பாணிகள் மட்டும் வரிசை குலையாமல் காற்றில் நிற்கின்றன.

மீள்குடியேறிய ஆண்டில் போட்டது மெல்லிய தகரம். கடற்காற்று அதைத் துருவாக்கி இரண்டு வாடைக்காலத்துக்குள் தின்று முடித்தது. அடுத்ததைத் தடிப்பாகப் போட்டார்கள். கறள் கொஞ்சம் பிந்தி வந்தது, அவ்வளவுதான். மகள் மதலேனா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வரவிருந்தாள். பச்சைப்பிள்ளை நனையாமல் கிடக்க ஒரு கூரை வேண்டுமென்று மாக்கிறட் தானே மன்னாருக்குப் பஸ் ஏறினாள். இரும்புக்கடை ஹலீம் அலுமினியத்தைக் காட்டினார். "இது கறள் பிடிக்காதக்கா. மெல்லிசானதை எடுத்தால் காத்து கிழிச்சுப்போடும், தடிப்பை எடுங்கோ. இதுக்கெண்டே ஆணியும் இருக்கு, மறக்காமல் கொண்டுபோங்கோ."

அவள் மறக்கவில்லை. வள்ளம் கட்டுகிற அவள் கணவன் கிறகரி கடையில் வாங்கிய ஆணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வள்ளத்துக்கு அறைகிற செப்பாணிகளை எடுத்தான்.

"கடலுக்குள்ளயே கறளாத ஆணியடி இது."

"கடைக்காரர் சொன்னதை ஒருக்காக் கேளுங்கோவன்."

"அவர் எத்தினை வள்ளம் கட்டினவர்?"

செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் கரையும். ஆணிகளைச் சுற்றி மாப்போல வெள்ளைப் பொடி பூத்தது. ஓட்டைகள் காசளவாகி, தட்டளவாகி, மதலேனாவுக்கு மாதம் முடியுமுன்பே ஒருநாள் கடைசித் துண்டும் முற்றத்தில் உதிர்ந்தது. மாக்கிறட் ஏசிக்கொண்டே அதைக் கூட்டி அள்ளினாள். கூரை மரங்களையாவது மாற்றுவோம் என்று கிறகரி கழற்றி இறக்கினான். ஆணிகள் அவற்றோடு வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றன.

மதலேனா ஆஸ்பத்திரியில் பெற்று, பிள்ளையோடு வந்த அன்று பின்னேரம் மழை கொட்டியது. மாக்கிறட் பிள்ளையை மார்போடு அணைத்துக் குனிந்து மறைத்தாள். முதுகு நனையவில்லை. தண்ணீர் ஆணிகளின் மட்டத்தில் தங்கி, தகடு இருந்த சரிவில் வழிந்து வேலியோரம் விழுந்தது.

"நான் சொன்னனான்தானே," என்றான் கிறகரி.

பிள்ளை காய்ந்து கிடந்தது. அதற்காக அவளால் சந்தோசப்பட முடிந்தது. கிறகரியின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பங்குச் சுவாமியார் வந்து பார்த்துவிட்டு, கோயில் விறாந்தைக்கும் இப்படிச் செய்யலாமா என்று அவனிடமே விசாரித்தார்.

ஆணிகள் மழையை மட்டுமே மறித்தன. வெயில் நேரே இறங்கியது. சோளகக் காற்றுக்காலம் தொடங்க, மாக்கிறட் ஏணி வைத்து ஏறி அவற்றில் பனையோலை கட்டினாள். செம்பு ஓலையை ஒன்றும் செய்வதில்லை. ஹலீம் தந்த ஆணிகள் பால்மாத் தகரப்பேணிக்குள் இருக்கின்றன. இடைக்கிடை திறந்து பார்ப்பாள். இன்னும் கறள் பிடிக்கவில்லை.