எண் சொல்லாத டீ

சாவித்ரி டீ ஊற்றிய கண்ணாடி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். கணவர் பக்தவத்சலம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஓர் எண் சொல்லாமல் குடிக்கமாட்டார். ஆய்வகத்தில் அவருக்கு அதுதான் வேலை. விமான எரிபொருளை, சூடான உலோகக் குழாயின்மேல் ஓடவிடுவார்கள். சூட்டில் அது சிதைந்தால் குழாயில் கறை படியும். கறையின் நிறத்துக்கு எண் உண்டு, அடர்ந்தால் எண் கூடும்; மூன்றைத் தொட்டால் எரிபொருள் தேறாது. வீட்டில் டீக்கும் அதே கணக்கு.

"மூணு. ஃபெயில். இருந்தாலும் குடிச்சிடறேன்" என்பார்.

அன்று டம்ளர் பக்கமே திரும்பவில்லை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"ராத்திரியெல்லாம் தூங்கல நீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வேலைக்குப் போங்களேன்."

"ஒரு டெஸ்ட் ஓட்டம்தான் சாவித்ரி, ரெண்டரை மணி நேரம். முடிச்சிட்டு நேரா வந்துடறேன். சேந்தே போவோம்."

"லோகாவ் ஏர்போர்ட்ல நிக்கற ஏரோப்ளேன் எல்லாம் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்குதா?"

சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மாலையில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். உடன் வேலை பார்க்கும் கேஷவ், புனேயிலேயே பிறந்து வளர்ந்த பையன், உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றான். அவள் கூப்பிட்டாள். ஃபோன் வந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாள்.

"நடுவுல வலிக்குதுன்னு சொன்னாராப்பா?"

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னார் ஆன்ட்டி. நான் ரிக்ஷா கொண்டாறேன்னேன். சார் பில்குல் கேக்கல. இப்ப நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும், முடிச்சிட்டு வரேன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்னார்."

யாரோ ஊதுபத்தியை மாற்றி வைத்தார்கள்.

"முடிச்சாரா?"

"முடிச்சார். குழாயை நடுவுல தொடாம ரெண்டு நுனியில பிடிச்சு எடுத்தார். லைட் பெட்டியில வெச்சுப் பார்த்தார். 'ஒண்ணு'ன்னார். அப்புறம் ஸ்டூல்ல உக்காந்தார்."

சாவித்ரி தலையசைத்தாள்.

சமையலறையில் பக்கத்து வீட்டு ஷிண்டே அம்மாள் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திட்டிலிருந்த டம்ளரை எடுத்து, கொட்டிவிடவா என்பதுபோல் நீட்டினாள். "பாபி, யே ஃபேங்க் தூ?"

"ரஹ்னே தோ."

இருக்கட்டும் என்று சாவித்ரி அதை விளிம்பில் மட்டும் பிடித்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். மேலே ஆடை கட்டியிருந்தது. அதற்குக் கீழே டீ காலையில் இருந்த அதே நிறத்தில் இருந்தது.