சொடக்குப் போட்ட தங்கத் தாள்

வீட்டில் எல்லோருக்கும், சின்னவன் பேசுகிறேன். இருபத்து நான்கு வயதாகியும் உங்களுக்குச் சின்னவன்தான். வேலையிடத்தில், உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தட்டித் தட்டி எழுதப் பொறுமை இல்லை, அதனால் பேசிவிடுகிறேன், போனே எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் செயற்கைக்கோளுக்குள் இரண்டு உருளைகள் மிதக்கின்றன. ஒன்று பிளாட்டினம், ஒன்று டைட்டானியம். பூமியைச் சுற்றுவதும் ஒருவகையில் விழுவதுதான், தரையில் படாமல் விழுந்துகொண்டே இருப்பது. இரண்டும் ஒரே வேகத்தில் விழுகின்றனவா என்பதுதான் சோதனை. போன மாதம் பிளாட்டினம் ஒரு துளி முந்துவதாகத் தெரிந்தது. அது உண்மையென்றால் இயற்பியல் விதியே மாறும், பெரிய பரிசே கிடைக்கும். தலைமைப் பொறியாளர் மேடம் சாப்பாட்டையே மறந்தார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் வீட்டுக்குச் சொன்னேன். அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

செயற்கைக்கோளுக்கு வெயில் காப்பாகத் தங்க நிறத் தாளைச் சுற்றியவன் நான். ஒரு மூலையில் ரொம்ப இழுத்துக் கட்டிவிட்டோமோ என்று அன்றே உறுத்தியது. இப்போது பார்த்தால், வெயிலிலிருந்து பூமியின் நிழலுக்குள் போகும்போது மட்டும்தான் அந்த வித்தியாசம் வருகிறது. மிச்சத் தாளை அதே மாதிரி இழுத்துக் கட்டி, குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, கதவில் காதை வைத்தேன். டக், டக். தாள் சுருங்கும்போது சொடக்குப் போட்டது. அந்த உதறல்தான் அளவைக் கெடுத்திருக்கிறது.

சொன்னால் தப்பு என் தலையில். அடுத்த வாரம்தான் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று முடிவு செய்கிறார்கள். நீட்டிக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனாலும் காதில் விழுந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? இது போச்சுன்னா நம்ம கையில ஒண்ணுமே இல்ல."

"நான் கட்டுன கட்டு மேடம், எனக்குத் தெரியாதா? நீங்களே காதை வச்சுப் பாருங்க."

முட்டி போட்டுக் கேட்டார். எழுந்து, நிழலுக்குள் போகும் நேரத்து அளவுகளை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டச் சொன்னார். இரண்டு உருளைகளும் சேர்ந்தே விழுகின்றன, இம்மி பிசகில்லை.

"என் பரிசுல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேப்பா" என்று சிரித்தார். "அடுத்ததுக்கும் நீதான் சுத்துற. கொஞ்சம் தளர்வா."

ஒப்பந்தத்தில் கையெழுத்து இன்னும் விழவில்லை. விழுந்துவிடும்.

இதை யார் முதலில் படித்தாலும் அப்பாவிடம் சொல்லுங்கள். யார் யாரிடம் பெருமை பேசினாரோ அவர்களிடமெல்லாம் அவரே போய்த் திருத்திச் சொல்லட்டும். முதலில் தையல்கடை மாமாவிடம். அவர்தான் அன்றைக்கே நம்பவில்லை.