பரந்தாமன் மகளோடு பேசாத காலம்

வியாழக்கிழமை தோறும் காஞ்சனா பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து, மகள் சினேகாவைத் திருத்தணிக்கு அழைத்து வருவாள். சினேகாவுக்கு நாலரை வயது. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னது புரிகிறது. வாயில் வருவது மட்டும் 'ம்மா', 'ப்பா' என்று நாலைந்து ஒலிகள்தான். தாலுகா ஆபீஸ் பக்கத்து மாடி அறையில் டெபோரா இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வந்தாள்.

அன்றைக்கு உள்ளே வந்த காஞ்சனா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்ல பயிற்சி எப்படிப் போச்சுங்க?" என்றாள் டெபோரா.

"பண்ணல மேடம். சமைக்கணும், தறிக்கு நூல் சுத்தணும், இவளக் குளிப்பாட்டி ஊட்டணும். நீங்க சொன்னா மாதிரி எதிர்ல குந்திகினு, இவ எதுனா சொல்லுவாளான்னு பாத்துகினு இருந்தேன். எனக்கே தூக்கம் வந்துடுச்சு. எல்லாத்தையும் நானே பண்ண முடியல. இனிமே வரலன்னு சொல்லத்தான் வந்தேன்."

டெபோரா கடிந்துகொள்ளவில்லை. வாரத்தில் ஒருநாள் தன் அறையில் நடப்பது, வீட்டில் தொடராவிட்டால் ஒன்றுக்கும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். களைத்துப்போன தாய்மார்களையும் அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

"வீட்டுக்காரர் பாப்பாகிட்ட பேசுவாருங்களா?"

"இல்லீங்க."

"கோவக்காரரா?"

"அதெல்லாம் இல்ல. அவங்க வீட்ல தெலுங்கு. நர்சரி ஸ்கூல்ல சேக்கப் போனப்போ, ரெண்டு பாஷை பேசினா புள்ள கொழம்பிடும், தமிழ்ல மட்டும் பேசுங்கன்னு சொல்லிட்டாங்க. அவரு தமிழ் நல்லாவே பேசுவாரு. ஆனா புள்ளயக் கொஞ்சறதுக்கு அவருக்கு அது வரல. கொஞ்சம் கொஞ்சமா வாயத் தொறக்கறதையே உட்டுட்டாரு."

"ரெண்டு பாஷையால எந்தக் கொழந்தைக்கும் பேச்சு நின்னுடாதுங்க. அடுத்த வாரம் அவரையும் இட்டுகினு வாங்க. நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றாள் டெபோரா.

அடுத்த வியாழக்கிழமை கணவன் பரந்தாமனும் வந்தான். பவர்லூமை நிறுத்திவிட்டு வந்திருந்தான். சட்டைக் காலரில் நூல் தும்பு ஒட்டியிருந்தது. டெபோரா ஒரு பொம்மை லாரியை மகளுக்கும் அவனுக்கும் நடுவே வைத்து, "உங்க பாஷையிலயே பேசி விளையாடுங்க" என்றாள்.

"தெலுங்குலயா? பேசலாங்களா?"

"ஆங், பேசுங்க. கேள்வி கேக்காதீங்க. அவ செய்யறதச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கொஞ்சம் காத்திருங்க."

அவனுக்குச் சட்டென்று வரவில்லை. இரண்டு பெண்களின் முன்னால் கூச்சமாக இருந்தது. லாரியின் சக்கரம் ஒன்று கழன்றிருந்ததைப் பார்த்து அதை மாட்ட முயன்றான். அப்போதுதான், தனக்குத்தானே முணுமுணுப்பது போல, "இதிகோ, சக்ரம்" என்று, இதோ சக்கரம் என்பதைத் தெலுங்கில் சொன்னான்.

சினேகா நகர்ந்து வந்து அவன் முழங்கால் மேல் சாய்ந்தாள். அவன் காத்திருந்தான். அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் விரலைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் வைத்தாள்.

"இதுவும் ஒரு பேச்சுதாங்க" என்றாள் டெபோரா.

பரந்தாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எம் புள்ளைக்கு நல்லதுன்னு நெனச்சிதாங்க பேசாம இருந்தேன்" என்றான். 

திரும்பும் பஸ்ஸில் சினேகா அவன் மடியில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேயும் ஆடுகளைக் காட்டி அவன் "மேகலு, மேகலு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். காஞ்சனா கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். பள்ளிப்பட்டு வந்ததும் அவன்தான் அவளை எழுப்பினான்.

அதன் பிறகு சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் தறி ஓடாது. பரந்தாமன் மகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவான். மாதங்கள் போயின. பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. சில நாள் அவனும் அலுத்துப்போய், பேசாமல் படுத்துவிடுவான். வியாழக்கிழமைகளில் முறை போட்டுக்கொண்டு திருத்தணிக்குப் போனார்கள்.

கோடை தொடங்கிய ஒரு மாலை, காஞ்சனா உப்புமாத் தட்டை நீட்டினாள். சினேகா தட்டைத் தள்ளிவிட்டு, "வத்து" என்றாள்.

தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். காஞ்சனா கணவனைப் பார்த்தாள்.

"சொன்னாளா?"

"சொன்னா" என்றான் பரந்தாமன்.

காஞ்சனா மறுபடியும் தட்டை நீட்டினாள். "வத்து." இந்த முறை இன்னும் தெளிவாக, கோபமாக வந்தது. காஞ்சனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இன்னும் எத்தனை வார்த்தைகள் பாக்கி என்று நினைத்தபோது உடம்பு அசந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்கு வேறு என்ன செய்வது என்று யோசித்தபடி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.