வரவுப் பக்கம்

கப்பலூரில் ஸ்டெபிலைசர் செய்யும் அந்தக் கம்பெனியில் அக்கவுண்டன்ட் துளசிராமின் கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பணப்பெட்டி கேஷியர் காசிமாயனிடம். சீட்டுகளைப் பார்த்து ரொக்கப் புத்தகம் எழுதுவது துளசிராம். பத்து வருடமாக இருவருக்கும் ஒரே மேசையில்தான் மதியச் சாப்பாடு.

எண்பத்து மூன்று மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, வருடக் கணக்கை முடிக்கும்போது, பெட்டியில் அறுநூற்று முப்பது ரூபாய் குறைந்தது. குறைகிற தொகை ஒன்பதால் வகுபட்டால், எழுதும்போது எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம். கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. துளசிராமும் தேடினார். ஆனால் எங்கே தேடினார்? காசிமாயன் எழுதிய செலவுச் சீட்டுகளை மூன்று முறை புரட்டினார். வரவுப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. தன் கை தப்பு செய்யுமா என்ன!

"சார், நான் எடுக்கல சார்" என்றார் காசிமாயன்.

துளசிராம் பேனாவை மூடினார். மேனேஜர் காசிமாயனையே அந்தப் பணத்தைக் கட்டச் சொன்னார். கட்டிய மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினார். போலீசுக்குப் போகாததே பெரிய உபகாரமாம்.

அடுத்த மார்ச்சில், வழக்கம்போல, வரவு செலவு சரிதானா என்று கேட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் போனது. சமயநல்லூர்க் கடைக்காரர் சுருளி அதைக் கையிலெடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார்.

"போன மார்ச் கடைசியில நான் கட்டுனது ஆயிரத்து நூத்தியெம்பது. நீங்க ஆயிரத்து எண்ணூத்திப்பத்துன்னு வரவு வச்சிருக்கீங்க. அடுத்தவன் காசு எனக்கெதுக்குண்ணே?"

துளசிராம் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். 1180 இருக்க வேண்டிய இடத்தில் 1810, முத்து முத்தாக. வித்தியாசம் அதே அறுநூற்று முப்பது. அந்தக் கையெழுத்தின் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது அவருக்கு.

மேனேஜர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரு என்ட்ரி போட்டுக் காசிமாயன்கிட்டப் பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க. வேணும்னா வேலைக்கும் வரச் சொல்லுங்க."

மறுநாள் துளசிராம் காசிமாயனின் ஊரான பேரையூருக்கு பஸ் ஏறினார். எப்படியாவது அவரைத் திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. காசிமாயன் ஒரு பருத்திக் கடையில் எடை எழுதிக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"தப்பு என்னோடதுண்ணே" என்று துளசிராம் எல்லாவற்றையும் சொல்லி, பணத்தையும் வவுச்சரையும் நீட்டினார். "வேலைக்கு வந்துருங்கண்ணே."

காசிமாயன் கோபப்படவில்லை. பழக்க தோஷம், ரூபாயை இரண்டு தடவை எண்ணினார். வவுச்சரில் விட்டுப்போன தேதியைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அழகம்மா வளையல வித்துத்தான் சார் அன்னிக்குக் கட்டுனேன்."

"வீட்டுக்குப் போவோம்ணே. மதினிகிட்ட நானே சொல்றேன். கால்ல விழுந்துகூடச் சொல்றேன்."

"அவ தை மாசம் போய்ச் சேந்துட்டா சார். மஞ்சக்காமாலை."

காசிமாயன் ரூபாயைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"வளையலக் கழட்டிக் குடுக்கும்போது, எதுக்கு எடுத்தீகன்னு கேட்டா. நான் எடுக்கலன்னேன். எடுக்காதவுக எதுக்குக் கட்டுறீகன்னா. அதுக்கப்புறம் சாகுறவரைக்கும் அவ கேக்கல, நானும் சொல்லல. இப்ப இத யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன் சார்?"