எதிரி அசையாத இருபத்தொரு நாள்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டது விழா மலருக்கு ஒரு கட்டுரை. தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் போர் வியூக வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் ஐந்து விளையாட்டுகள். அவற்றை வரிசையாகப் புகழ்ந்து இரண்டு பக்கம் வேண்டும் என்றார்கள். எழுத உட்கார்ந்தேன், வயிறு எரிந்தது. மலருக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது மிஞ்சியது.

(நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர், விளையாட்டுகளின் பெயர், இடத்தின் அடையாளம் எல்லாம் மாற்றியவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "காவிரி சலசலத்து ஓடும் மலைக்கோட்டை மாநகரில், கண் நிறையக் கனவுகளோடு இரண்டு இளைஞர்கள்..."

வேண்டாம். அந்த வருடம் காவிரியில் மணல்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: ஃபெமினாவுக்குக் கோபம் வந்தது.

இது தேவலை. ஆனால் அந்தக் கோபம் வர அவளுக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. முதல் வரியிலேயே அதைக் கொடுத்தால் அவளைச் சும்மா விட்டதாக ஆகிவிடும்.

3

ஃபெமினா அந்த நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆள். விளையாட்டின் விதிகளை எழுதுவது அவள் வேலை. எதிரி எப்போது வருவான், நெல் எத்தனை நாளில் விளையும், பசித்த வீரன் எத்தனை நாள் தாங்குவான், எல்லாம் அவள் கையில். முதலாளி ஸ்டீபன்ராஜ் கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் மூத்தவர். முதல் விளையாட்டின்போது அவளுக்கு 'அண்ணா'. மூன்றாவதற்குள் 'சார்' ஆகிவிட்டார்.

அந்த முதல் விளையாட்டு 'கோட்டையும் வயலும்'. பாறை மேல் உங்கள் கோட்டை, ஆற்றுக்கு அந்தக் கரையில் எதிரி. தயாரிப்பில் இருந்தபோது தினமும் கணினியே அதைத் தனியாக ஆடிப் பார்க்கும். எங்கெங்கே பிழை என்று அது தரும் பட்டியலை ரங்கநாயகி சரிபார்ப்பாள். ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரி. வைகுண்ட ஏகாதசித் திருவிழா நெருங்கியதும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பகல்பத்து, ராப்பத்து முடியறவரைக்கும் ஆபீஸ் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். எங்காத்துல இருபது பேர் வந்து இறங்கியிருப்பா."

அவள் இல்லாத இருபத்தொரு நாளில் பட்டியல் மலையாகக் குவிந்துவிடுமே என்று, அந்தத் தேதிகளில் எதிரிப் படை அசையக் கூடாது என ஃபெமினா ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். வருடா வருடம் அதே தேதி என்றும் போட்டுவிட்டாள். ஏகாதசி ஒவ்வொரு வருடமும் தேதி மாறும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் எப்போதும் இருபத்தைந்துதான். வெளியிடும்போது அந்த வரியை எடுக்க மறந்துபோனாள்.

அடுத்த டிசம்பரில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திகைத்தார்கள். முற்றுகையிட வந்த படை கரையில் சும்மா நிற்கிறது. யாரும் அதைப் பிழை என்று எழுதவில்லை. கே.கே. நகரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார், இருபத்தொரு நாளும் நடவு நட்டதாகவும், எதிரிக்கும் வீடு வாசல் உண்டு என்று காட்டிய விளையாட்டு இது என்றும் எழுதியிருந்தார். அந்த மறதியால்தான் நிறுவனம் நிமிர்ந்தது.

(* பேட்டிகளில் ஸ்டீபன்ராஜ் இதைத் தன் யோசனை என்றுதான் சொல்வார். ஃபெமினா ஒருமுறைகூட மறுத்ததில்லை. மறதிக்கு யார் சொந்தம் கொண்டாடினால் என்ன என்று விட்டுவிட்டாள். அங்கேதான் அவள் மேல் எனக்குக் கோபம்.)

4

இரண்டாவது விளையாட்டில் போர் நிறுத்தம் பத்து நாளாகச் சுருங்கியது. ஆடுகிறவர்களுக்கு அலுக்கிறதாம். மூன்றாவது கைபேசிக்கு வந்தது, அதில் மூன்று நாள். நான்காவதில் மனிதரோடு மனிதர் மோதினார்கள், தினம் ஒரு மணி நேரம் ஓய்வு. ஒவ்வொரு முறையும் எண்ணைத் திருத்திய கை ஃபெமினாவுடையது.

ஐந்தாவது 'மகா முற்றுகை'. அதில் போர் நிறுத்தமே கிடையாது. அமைதி வேண்டுமென்றால் காசு கட்டி 'அமைதிக் கேடயம்' வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எந்த நேரத்தில் நீங்கள் கைபேசியைத் தொடுவதில்லை என்று விளையாட்டு ஒரு வாரம் கவனிக்கும். பிறகு அந்த நேரமாகப் பார்த்து உங்கள் வயலை எரிக்கும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டக் கூலி கேட்கிற பிழைப்பு.

(இங்கே 'அயோக்கியத்தனம்' என்ற சொல் ஏழு முறை வரும் ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.)

வெள்ளோட்டத்துக்கு ஐந்நூறு பேரிடம் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி மண்ணச்சநல்லூர் வேலம்மாள், அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவள். கருத்து எழுதச் சொன்ன இடத்தில் பேசி அனுப்பியிருந்தாள்.

"ஏம்மா, நான் மில்லுல நிக்கிற நேரம் பாத்துத்தான் எரிக்கிறாங்க. மத்த நேரத்துல ஒருத்தனும் வரல. நான் போனை எடுக்க மாட்டேன்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியுது?"

ஃபெமினாவின் கண்களில் நெருப்பு...

(நெருப்பெல்லாம் இல்லை. அந்தக் குரலை நான்கு தடவை கேட்டாள். கண் கலங்கியது. அந்த விதியை எழுதியவள் அவள்தான்.)

5

நேரே ஸ்டீபன்ராஜின் அறைக்குப் போனாள். [இந்த ஆளை வில்லனாக்கினால் எனக்குச் சுலபம். மேசையில் ஓங்கிக் குத்துவதாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவர் அவளுக்குக் காபி சொன்னார்.] எல்லா நிறுவனமும் இப்படித்தான் செய்கிறது என்றார். முப்பது குடும்பம் இதில் சாப்பிடுகிறது என்றார். இரண்டும் உண்மை, எரிச்சலே அதுதான். அந்த அம்மாவைக் கேடயம் வாங்கச் சொல்லேன் என்று சிரித்தார்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஃபெமினாவின் குரல் உயர்ந்தது.

"நான் எடுக்க மறந்த ஒரு வரியில நிமிந்த கம்பெனி சார் இது. அதையே துண்டு போட்டு விக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான்.

ஆமாம், நானும் அங்கே வேலை பார்க்கிறேன். இதுவரை வெளியாள் மாதிரி எழுதி வந்தது ஏமாற்று. வயல் எரியும்போது திரையில் வரும் வாசகம் நான் எழுதியது: "உங்கள் மக்கள் பசியில் அழுகிறார்கள். கேடயம் இருந்தால் பிழைப்பார்கள்." நல்ல வரி என்று கைகுலுக்கினார்கள். பெருமையாகத்தான் இருந்தது. வாசகரே, உங்கள் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

6

மறுநாள் வெளியீடு. கடைசிக் கோப்பை அனுப்ப வேண்டியவள் ஃபெமினா.

முடிவு ஒன்று: வேலையை உதறிவிட்டுப் படியிறங்கினாள். படிக்க நன்றாக இருக்கிறது. மறுநாளே அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார், வேலம்மாளின் வயல் எரிந்துகொண்டே இருக்கும்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். எல்லோரும் நம்புவார்கள். இத்தனை வருடமும் அதைத்தானே செய்தோம்.

முடிவு மூன்று: அந்தப் பழைய வரியைத் தேடி எடுத்து, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், வேறு மாதத்தில், இருபத்தொரு நாளும் குறையாமல் சேர்த்துவிட்டு அனுப்பினாள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்தேன். சொல்ல மாட்டேன். மூன்றாவதுதான் என்றால் அன்றைக்கே அந்த வரியைப் பிடுங்கி எறிவார்கள், அவள் வேலையும் போகும். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியது இதற்காகத்தான். அமைதியை விற்கிற கடைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. படிக்கிற ஒவ்வொரு முதலாளியும் தன்னுடையதிலோ என்று லட்சம் வரிகளைக் கிளறட்டும்.

மிச்சம் உங்கள் கையில். ஏதோ ஒரு மாதத்தில், உங்கள் வயலை எரிக்க வந்த படை கரையிலேயே நின்றுவிட்டால், பிழை என்று புகார் அனுப்பாதீர்கள். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். போனை வைத்துவிட்டு வேலைக்குப் போய் வாருங்கள்.