மூத்தவன் உள்ளே போனானா?

ஐஸ்பெட்டியின் கண்ணாடி மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான்கு பேர் சேர்ந்து தவசியின் உடலை மரப்பெட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கும்போது வெள்ளைச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கிக்கொண்டது. பவதாரிணி குனிந்து அதைச் சரிசெய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும்தான் அப்பா வெள்ளை உடுத்துவார். மற்ற நாளெல்லாம் காக்கிதான். நேற்றுக் காலை சவாரிக்குக் கிளம்பியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜெயக்கொடி அக்கா பெட்டியின் ஓரங்களில் யூடிகோலன் வாசனைநீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. சாவு வீட்டில் அவள் சொல்வதுதான் ஒழுங்கு.

“வண்டி வந்தாச்சு. சபை ஐயரு நேரா கல்லறைக்கு வந்திருவாரு. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பெட்டிய மூடிருவோம்.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா முத்துச்செல்வி மகளின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒங்க பெரியப்பா வெளிய நிக்கிறாராம். போய்க் கூப்புடு. இன்னைக்கு விட்டா அந்த வீட்டோட நமக்கு ஒண்ணுமில்ல. அப்புறம் நீயும் நானுந்தான்.”

சன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பாவின் ஆட்டோவை ஒட்டி, தோளில் துண்டோடு சுருளி பெரியப்பா நின்றிருந்தார். வாடிப்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். அப்பா ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அவர் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. என்ன நடந்ததென்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

வெள்ளிக்கிழமைதோறும் இந்த அறையில்தான் ஜெபக்கூட்டம் நடக்கும். அப்பா சுவிசேஷத்திலிருந்து ஒரு கதையை வாசிப்பார். பிரசங்கம் செய்ய மாட்டார். “சரி, இத வச்சு நாளைக்கு நாம என்ன செய்யப் போறோம்?” என்று கேட்பார். அன்பாயிருக்கணும் என்று யாராவது சொன்னால் விடமாட்டார். “யாருகிட்ட? அதச் சொல்லுங்க.” மார்த்தாள் அடுப்படியில் அல்லாட, மரியாள் உட்கார்ந்து கேட்ட கதையை வாசித்த அன்று, “நாளைக்கு அம்மா உக்காரட்டும், நீங்க பாத்திரம் கழுவுங்க” என்றாள் பவதாரிணி. கூட்டமே சிரித்தது. மறுநாள் அப்பா கழுவினார். ஒரு தம்ளரை உடைத்தார்.

ஒரு கதைக்கு மட்டும் அப்படிக் கேட்க மாட்டார். இரண்டு மகன்களின் கதை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனுக்கு அப்பன் விருந்து வைக்கிறான். மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். அப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

“மூத்தவன் உள்ள போனானா, இல்லையா?” என்று மட்டும் கேட்பார்.

“போயிருப்பான் தம்பி” என்பாள் ஜெயக்கொடி அக்கா.

“போனான்னு எழுதலையேக்கா.”

“போகலைன்னும் எழுதலையே. வேதத்துல இல்லாதத நீயும் நானும் நோண்டணுமா? காப்பி ஆறுது, குடி.”

அப்பா சிரித்துக்கொண்டே பைபிளை மூடிவிடுவார். மூத்தவன் என்று அவர் பெரியப்பாவைத்தான் சொல்கிறார் என்று பவதாரிணி தானாக முடிவுசெய்திருந்தாள்.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

“உள்ள வாங்க பெரியப்பா.”

“வாரேன் தாயி. ஒண்ணு கேட்டுக்கிறேன். வாய்க்கரிசி போட விடுவாங்களா?”

துண்டின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். ஒரு பிடி பச்சரிசி.

“எங்க அய்யா செத்தப்ப ஒங்கப்பன் போடல. அப்பத்தான் வேதத்துல சேந்திருந்தான். கையக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னான். ஊரே பாத்துச்சு. இனிமே என் வாசப்படிய மிதிக்காதன்னுட்டேன்.”

“அதுக்கப்புறம் அப்பா வரவே இல்லையா?”

“வராம என்ன? வருசாவருசம் மாட்டுப்பொங்கலுக்கு வருவான். வேலிக்கு வெளிய ஆட்டோவ நிப்பாட்டிட்டு, சவாரிக்குக் காத்திருக்கவன் மாதிரி உக்காந்திருப்பான். நான் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுறதப் பாப்பான். பெறகு வண்டிய எடுத்துட்டுப் போயிருவான்.”

“நீங்க கூப்புடலையா?”

“அவனா வருவான்னு நான் இருந்தேன். நான் கூப்புடுவேன்னு அவன் இருந்திருப்பான்.”

பவதாரிணி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பொங்கல் விடுமுறையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், “லாங் சவாரி” என்றுதான் அப்பா சொல்வார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமைகளில் அவர் யாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்? கதையில் அப்பன் வெளியே வந்து கூப்பிட்டான். வேலியோரத்தில் யாரும் வந்து கூப்பிடவில்லை.

அவள் பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். “வாங்க. உள்ள வந்து பேசிக்கலாம்.”

வாசலில் ஜெயக்கொடி அக்கா மறித்தாள்.

“வாங்கண்ணே, ஒடம்பொறப்பு மொகத்தப் பாருங்க. அரிசி மட்டும் வேணாம். நம்ம சபையில அந்த வழக்கமில்ல. தாவீதுத் தம்பிக்கே பிடிக்காது.”

“தாவீதா? அது யாரு?”

“ஞானஸ்நானப் பேருண்ணே.”

“நீங்க வச்ச பேரு ஒங்களோட. எனக்கு அவன் தவசிதான்.”

யாரோ சிரிக்கப்போய் இருமினார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினாள். “பவா, நாளைக்கு ஐயரு கேட்டா நாந்தான பதில் சொல்லணும்?”

“அப்பா இருந்தா இப்ப என்னக்கா சொல்லுவாரு?”

“தம்பி எங்க சொல்லுச்சு? கேள்விதான கேக்கும்.”

“என்ன கேப்பாரு?”

அக்கா, நிலைக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்கிற சுருளியைப் பார்த்தாள். கையிலிருந்த யூடிகோலன் பாட்டிலை மூடினாள்.

“மொதல்ல அவர உள்ள வரச் சொல்லு” என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

சுருளி பெட்டியருகே வந்து தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“வாயில போடல. அய்யாவுக்கே போடாதவன். அவன் நெனப்பு அவனோட. ஆனா சாவுக்குன்னு எடுத்த அரிசிய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. கீழயும் கொட்டக் கூடாது. இத நான் என்ன செய்ய?”

எல்லாரும் ஜெயக்கொடி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முத்துச்செல்வியைப் பார்த்தாள்.

“அவுக கையில குடுங்க மாமா” என்றாள் முத்துச்செல்வி. அவரிடம் அவள் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல்முறை.

சுருளி தம்பியின் வலது உள்ளங்கையில் அரிசியை வைத்தார். குளிரில் விறைத்திருந்த விரல்கள் மடங்கவில்லை. அரிசி சட்டைக் கையில் சரிந்தது. அதைப் பொறுக்கியெடுத்து மறுபடியும் வைத்து, தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. ஜெபமும் முடிந்தது. பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் காத்து நின்றார்கள். சுருளி கையை எடுக்கவில்லை.

ஜெயக்கொடி அக்கா, மூடியைக் கீழே வைக்கும்படி அவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். பிறகு அதே பாட்டை முதல் சரணத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.