எல்லா அப்பாவுக்கும் ஒரே குதிரை

"வந்துட்டாங்க அக்கா, ஆரம்பிங்க" என்று தம்பி மனைவி விலாவில் இடித்தபோது ஜிபாரா வாயிலிருந்த தேநீரை விழுங்கி முடிக்கவில்லை. அவசரமாக விழுங்கியதில் நாக்கு சுட்டது. கிண்ணத்தை முழங்காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பளிக் கூடாரத்தின் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஒப்பாரியை எடுத்தாள். வெளியே தம்பி எர்மெக் வழக்கப்படி கோலைப் பிடித்துக் குனிந்து நின்றபடி "அப்பா, என் அப்பா" என்று அலறுவது கேட்டது. வந்த பெண்கள் வாசல் படலையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார்கள்.

*வெள்ளைக் குதிரை ஏறிவந்த வேந்தனே – அப்பா*
*சபை அதிரப் பேசிநின்ற சிங்கமே*

அவளுக்கு ஒரு முழம் தள்ளி, தொங்கவிட்ட திரைக்கு அந்தப் பக்கம், வேந்தனும் சிங்கமுமான அப்பா தொலோமுஷ் கிடந்தார். முந்தாநாள் விடியற்காலையில் போனவர். மதியத் தொழுகை முடிந்ததும் எடுக்கப்போகிறார்கள்.

அந்த ஒப்பாரி ஜிபாராவுடையது அல்ல. பாடகி சிம்பாத் தன் அப்பா இறந்தபோது தொலைக்காட்சியில் பாடியது. அதைக் கேட்டு நாடே அழுதது. அதற்கப்புறம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் மகள்கள் அதையே பாடினார்கள். அதற்கு முன்னால் அவரவர் அப்பனுக்கு அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள்; கஞ்சன் மகள் கஞ்சனை அழுதாள், குடிகாரன் மகள் குடிகாரனை அழுதாள். இப்போது அந்த ஏற்றத்தாழ்வெல்லாம் ஒழிந்துவிட்டது. மேய்ப்பவன், மந்திரி, பேருந்து நடத்துநர், கடைசிவரை வட்டிக்கு விட்டவன், எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் குதிரை. லெனின் சிலை வைத்திருந்த காலத்தில்கூட எங்களால் இவ்வளவு சமத்துவத்தைக் கொண்டுவர முடியவில்லை.

ஜிபாரா வேறு ஒன்றைத்தான் பாடுவதாக இருந்தாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த வண்டியில், முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வழியெல்லாம் மனதுக்குள் கட்டிக்கொண்டே வந்தாள். 'மாவு பிசைஞ்ச கையாலே, அப்பா, முடி கோதிப் பின்னினியே' என்று அது தொடங்கியது. மேலே மேலே தானாக வந்தது. மலைக் கணவாயைத் தாண்டும்போது முழுசாகிவிட்டது. அப்பாவை எடுப்பதற்குள் அதை ஒரு முறையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் எதிரே பக்கத்து வீட்டு சூராகான் இருந்தாள். அத்தோடு வாய் கட்டிப்போனது.

தொலோமுஷ் குதிரை ஏறியதே இல்லை. பையனாக இருக்கும்போது ஒரு குதிரை இடுப்பில் உதைத்து, ஒரு கால் குட்டையாகிவிட்டது. அன்றோடு சரி. ஏறியவள், அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்த அவர் மனைவி. சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற நர்ஸ் அவள்தான். ஆள் வந்து கூப்பிட்டால் நேரம் காலம் பார்க்காமல் சேணத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். வீட்டில் அவர் மாவு பிசைவார், ரொட்டி சுடுவார், துணி அலசிக் கொடியில் போடுவார், மகளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவார். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னுவார். ஊரில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. "தொலோமுஷ் வீட்ல மீசை யாருக்கு?" என்று முதலில் கேட்டவள் சூராகான். பள்ளியில் பையன்கள் அதையே பாட்டாக்கினார்கள். ஜிபாரா அப்போதெல்லாம் யார் கேட்டாலும் "அம்மாதான் பின்னிவிட்டாங்க" என்று சொல்லுவாள்.

அந்த சூராகான் முன்னால் இப்போது மாவையும் சடையையும் எப்படி எடுப்பது? பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். வந்த சனம் பரிதாபமாகப் பார்க்கும். வாயைத் திறந்தால் வெள்ளைக் குதிரைதான் வந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துத் தேநீருக்குத் திரும்பியதும், எர்மெக் திரை ஓரமாகத் தலையை நீட்டினான். இடுப்பில் கட்டிய துண்டு அவிழ்ந்து தொங்கியது. கண் வீங்கியிருந்தாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி.

"அக்கா, சிம்பாத் வர்றா."

"எந்த சிம்பாத்?"

"எந்த சிம்பாத்தா? நாட்ல எத்தனை சிம்பாத் இருக்கா? என் மண்டபத்துல கல்யாணத்துக்குப் பாடியிருக்கா இல்ல, அந்தப் பழக்கம். பக்கத்து ஊருக்கு வந்திருந்தா. கேட்டேன், சரின்னுட்டா."

"எதுக்குடா அவ? அப்பா அவ பாட்டே கேட்டதில்ல."

எர்மெக் குரலைத் தணித்தான். "இந்த ஊர்ல எவன் சாவுக்காவது அவ வந்திருக்காளா? அப்பாவுக்கு வர்றா. நம்மளப் பார்த்து ஆயுசு பூரா சிரிச்சாங்க இல்ல? இன்னிக்கு வாயப் பொத்திக்கிட்டு நிக்கட்டும்."

அவனையும் பையன்கள் மீசை கேட்டுத் துரத்தியிருக்கிறார்கள் என்பது ஜிபாராவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

செய்தி கூடாரத்துக்குள் பரவ அதிக நேரம் ஆகவில்லை. குனிந்து அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள், இன்னொருத்தி போனைத் துடைத்தாள். வாசலுக்கு நேர் எதிரே, மரியாதையான இடத்தில் உட்கார்ந்திருந்த மூத்த அத்தைகள் இரண்டு பேரும் யாரும் சொல்லாமலேயே ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்கள். அந்த இடத்துக்கு ஒரு புது மெத்தை வந்தது. வெளியே அடுப்படியில், சாவுச் சாப்பாட்டுக்கு அறுத்த குதிரையின் நல்ல துண்டைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி யாரோ சத்தம் போட்டார்கள்.

சிம்பாத் வந்தாள். தொலைக்காட்சியில் தெரிவதைவிடச் சின்ன உருவம். கறுப்பு உடை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத வீக்கம். முறைப்படி படலையிலிருந்தே அழுதுகொண்டு வந்து, விரித்த புது மெத்தையைக் கவனிக்காமல் நேராக ஜிபாரா பக்கத்தில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ஆள் ஆளுக்குப் போனைத் தூக்கினார்கள். அந்த அணைப்புக்குள், காதோடு காதாக, பாடகி கேட்டாள்:

"அக்கா, அப்பா பேர் என்ன?"

"தொலோமுஷ்."

"எப்படி இருப்பாரு? ஒண்ணு ரெண்டு விஷயம் சொல்லுங்க, சேர்த்துக்கிறேன். சும்மா பாடிட்டுப் போனா எனக்கு மனசு கேக்காது."

"உங்க பாட்டே நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜிபாரா.

"அது ஊருக்கு அக்கா. குதிரையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் போட்டது. எங்கப்பா டிராக்டர் ஓட்டினவரு. குதிரை வாசமே அவருக்கு ஆகாது." சிம்பாத்தின் மூச்சு காதில் சுட்டது. "டிராக்டர்னு பாடினா யார் அழுவாங்கன்னாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். இப்ப எங்க போனாலும் அந்தக் குதிரைதான் முன்னால நிக்குது. நீங்களாவது சொல்லுங்க. உங்கப்பா எப்படி?"

இதைவிட நல்ல வாய்ப்பு ஒருத்திக்குக் கிடைக்காது. மாவையும் சடையையும் ஜிபாரா சொல்ல வேண்டாம், சிம்பாத் சொல்லுவாள். சிம்பாத் சொன்னால் யார் சிரிப்பார்கள்? அடுத்த வாரமே நாடு முழுக்க மகள்கள் மாவு பிசைந்த கையைச் சொல்லி அழுவார்கள். ஜிபாராவுக்கு அது அந்தக் கணத்திலேயே புரிந்தது. வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. நிமிர்ந்தபோது சிம்பாத்தின் தோளுக்கு மேலே சூராகானின் முகம் தெரிந்தது. அவள் கண்ணெடுக்காமல் ஜிபாராவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவும் குதிரைதான்" என்றாள் ஜிபாரா. "குதிரைன்னா உசுரு."

சிம்பாத் கொஞ்சநேரம் அவளைப் பார்த்தாள். அப்புறம் தலையசைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, இடுப்பில் கை ஊன்றினாள்.

அந்தக் குரலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. *தொலோமுஷ் என்ற பேர் கேட்டால் குதிரை கனைக்கும்* என்று அவள் அந்த இடத்திலேயே ஓர் அடியைக் கட்டிச் சேர்த்தாள். கூடாரமே அழுதது. வெளியே ஆண்கள் கோலில் தலை சாய்த்து நின்றார்கள். அப்பாவைத் தெரிந்தவர்களும் அழுதார்கள் என்பதுதான் விசித்திரம். ஜிபாரா அழுதாள், ஆனால் யாரோ ஒரு பெரிய மனிதர் போய்விட்டதற்கு அழுகிற மாதிரி இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமிருந்து தான் எங்கோ தள்ளிப் போய்க்கொண்டிருப்பதாகப் பட்டது.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். திரையை விலக்கினார்கள். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று கடைசி ஒப்பாரி சொல்ல வேண்டிய நேரம். கம்பளத்தில் சுற்றிய அப்பா எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார். ஜிபாரா வாயைத் திறந்தாள். 'மாவு' என்ற முதல் சொல் வந்தும்விட்டது. அதற்குள் சிம்பாத் எடுத்துக் கொடுக்க, அத்தனை பெண்களும் ஒரே குரலில் வெள்ளைக் குதிரையைத் தொடங்கிவிட்டார்கள். அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. ஆண்கள் வேகமாகத் தூக்கிக்கொண்டு படலையைக் கடந்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை.

சிம்பாத்துக்கு வேறு இடத்தில் நிகழ்ச்சி இருந்தது. எடுத்து வைத்த நல்ல துண்டை ஒரு வாய் கடித்து மரியாதை செய்துவிட்டு, ஜிபாராவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டுப் புறப்பட்டாள். கார் வரைக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் திரும்பி வந்து, வந்த கையோடு பாத்திரம் கழுவினார்கள்.

ஜிபாரா கொட்டகை ஓரமாகப் போய்ச் தேநீர்ச் சமோவருக்குச் சுள்ளி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சூராகான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் பாடினா அந்தப் பொண்ணு" என்றாள்.

"ம்."

"எந்தக் குதிரைடி அது?"

ஜிபாரா சுள்ளியை ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ பிஷ்கெக் போனப்புறம் கொஞ்ச நாள் உங்கப்பன் பித்துப் பிடிச்ச மாதிரி இருந்தான். காலைல எந்திரிச்சா கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னான். நான் விடியறதுக்கு முன்னாடியே பண்ணைக்குப் பால் கறக்கப் போயிருவேன். என் புள்ளைங்க ரெண்டும் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு இஸ்கூலுக்குப் போகும். ஒருநாள் வேலி தாண்டி வந்து, 'சூராகான், சீப்பு எங்க வெச்சிருக்க'ன்னான். அதுங்க படிச்சு முடிக்கிறவரைக்கும் அவன்தான் பின்னிவிட்டான்."

"எனக்குத் தெரியாது அத்தை."

"எப்படித் தெரியும்? நானும் வெளியே சொல்லல. மீசை யாருக்குன்னு ஊர் பூரா சொல்லித் திரிஞ்சவ, அப்புறம் இதை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?" சூராகான் மூக்கைச் சிந்தி முக்காட்டில் துடைத்தாள். "இன்னிக்கு நீ சொல்லுவேன்னு காலைலேர்ந்து உக்காந்திருந்தேன். நீ எடுத்தா நானும் கூடச் சேர்ந்து அழுதுக்கலாம்னு. பெத்த பொண்ணு எடுக்காம நான் எப்படி முந்துறது?"

ஜிபாராவின் கையில் சுள்ளி அப்படியே நின்றது. காலையிலிருந்து அந்த முகத்துக்குப் பயந்தே வாயை மூடியிருந்தாள். அந்த முகம் எதற்காகத் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். இனிமேல் சொன்னாலும் கேட்க அப்பா அங்கே இல்லை.

"இப்ப சொல்லட்டுமா அத்தை?" என்றாள்.

சூராகான் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

படலைக்கு வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவியின் சனங்கள், தூரத்து நரினிலிருந்து வந்திருக்கிறார்கள். பாதையில் பனி, அதனால் தாமதம். அடக்கம் முடித்துத் திரும்பியிருந்த எர்மெக் ஓடிவந்து கோலைத் தேடி எடுத்தான். ஜிபாராவும் சூராகானும் கூடாரத்துக்குள் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஜிபாரா இடுப்பில் கை ஊன்றி மூச்சை இழுத்தாள்.

வந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். *தொலோமுஷ் என்ற பேர் கேட்டால் குதிரை கனைக்கும்* என்று படலையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார்கள். கூடாரத்தில் எடுத்த படத்தை வழியெல்லாம் போனில் பார்த்திருக்கிறார்கள். ஓர் எழுத்து பிசகவில்லை. சம்பந்தி அம்மாள் ஜிபாராவைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் குலுங்கினாள். அவள் தொலோமுஷை உயிரோடு பார்த்தது கல்யாணத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் அவர் உட்கார்ந்திருக்கும்போது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேநீருக்குக் கை நீட்டியபடி, உண்மையான அக்கறையோடு கேட்டாள்:

"பாவம், அந்த வெள்ளைக் குதிரை. எஜமானைக் காணாம தவிச்சிருக்குமே. இப்ப யார் பாத்துக்கிறாங்க?"

கூடாரத்தில் எல்லாரும் ஜிபாராவைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற எர்மெக்கும் பார்த்தான்.

"வித்துட்டோம்" என்றாள் ஜிபாரா.

சூராகான் கிண்ணத்தைத் துடைத்து, பாலை முதலில் விட்டு, மேலே தேநீரை ஊற்றிச் சம்பந்தி அம்மாளிடம் நீட்டினாள்.